விடியற்காலையில் மட்டும் அடம்பிடித்த டீசல் வண்டியும் ஒரு கிளாம்ப் மீட்டரும்

வாங்கியது ஒரு டிசி கிளாம்ப் மீட்டர். வயரை அறுக்க வேண்டாம், கழற்ற வேண்டாம், வயரைச் சுற்றித் தாடையை மாட்டினாலே அதில் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டிவிடும். 600 ஆம்பியர் வரை அளக்கும், கூடவே சாதாரண மல்டிமீட்டர் செய்கிற வோல்ட், ஓம் வேலைகளும் உண்டு. பெரிய கம்பெனிப் பொருள் இல்லை. ஒரு வருடமாகக் கையில் இருக்கிறது. இதை வாங்க வைத்தது என் 14 வருடப் பழைய, 2 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல் வண்டி. மத்தியானம் சாவியைத் தொட்டாலே ஸ்டார்ட் ஆகும், சாயங்காலமும் அப்படித்தான். ஆனால் குளிர்காலம் வந்தால் விடியற்காலை மட்டும் செல்ஃப் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிடும். அடிக்கும்போதே பின்னால் வெள்ளைப் புகை குப்குப்பென்று வரும், கண் எரியும், டீசல் வாடை அடிக்கும். பத்துப் பதினைந்து வினாடி அடித்த பிறகு ஒரு வழியாகப் பிடிக்கும். பிடித்த பிறகும் அரை நிமிடம் வண்டி முழுவதும் உதறும், அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

மீட்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் நடந்ததைச் சொன்னால்தான் இந்த மீட்டருக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் ஏன் கொடுக்கிறேன் என்பது புரியும். முதல் தடவை போனபோது, பேட்டரி போய்விட்டது என்று சொல்லிப் புதுசு மாட்டினார்கள். மறுநாள் காலை அதே கதை. இரண்டாவது தடவை டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், அதே கதை. மூன்றாவது தடவை, டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கிற நாசில் நாலையும் கழற்றி சர்வீஸ் பண்ண வேண்டும், பம்பையும் பார்க்க வேண்டும், வண்டியை ஒரு வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. மூன்று தடவையும் நான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன், அதாவது அங்கே போய்ச் சேரும்போது என்ஜின் சூடு. அவர்கள் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. வராத நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகம்தான் செய்ய முடியும். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன், காய்ச்சல் விட்ட பிறகு வைத்தியரிடம் போய் உட்கார்ந்த கதைதான் இது. வண்டி ராத்திரி முழுவதும் குளிரில் நின்ற இடத்திலேயே, முதல் ஸ்டார்ட்டிலேயே அளந்து பார்த்தால் மட்டுமே விஷயம் தெரியும். அதை விடியற்காலை அஞ்சு மணிக்குச் செய்ய மெக்கானிக் வரமாட்டார், நாம்தான் செய்ய வேண்டும். எதையும் கழற்றாமல் செய்ய முடிகிற கருவி எது என்று தேடியதில் கிடைத்தது இந்த மீட்டர்.

வாங்கப் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை. கிளாம்ப் மீட்டர் என்று பெயர் போட்டு விற்பதில் பல, ஏசி கரண்டை மட்டுமே அளக்கும். வீட்டு எலக்ட்ரீஷியன் வேலைக்கு அது போதும். வண்டியில் ஓடுவது டிசி, அதில் அந்த மீட்டரை மாட்டினால் உருப்படியாக எதுவும் காட்டாது. பெட்டியில் ஆம்பியர் பக்கத்தில் டிசி என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிசி வோல்ட் அளக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது வேறு இது வேறு.

எனக்கும் முதல் நாள் மூக்குடைந்தது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி எவ்வளவு கரண்ட் கொடுக்கிறது என்று பார்க்க, கைக்கு வசதியாக இருக்கிறதே என்று பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு கேபிளையும் சேர்த்துத் தாடைக்குள் விட்டு மாட்டினேன். மகன் சாவியைத் திருப்புகிறான், செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றுகிறது, மீட்டர் 2 ஆம்பியர் காட்டுகிறது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், ஒரு கேபிளை மட்டுமே மாட்ட வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த 2 ஆம்பியரும் பொய். இந்த வகை மீட்டர் தாடைக்குள் இருக்கும் காந்தப் புலத்தை வைத்து அளக்கிறது, அதனால் சும்மா இருக்கும்போதே ஏதாவது ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஜீரோ பட்டனை அமுக்க வேண்டும், அதுவும் கேபிளுக்குப் பக்கத்தில் எந்தத் திசையில் மாட்டப் போகிறோமோ அதே திசையில் பிடித்துக்கொண்டு அமுக்க வேண்டும். திசை மாறினால் பூமியின் காந்தப் புலமே ஒன்றிரண்டு ஆம்பியர் கூட்டிக் குறைத்துவிடும். கூட வந்த சின்னத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இனி, எதை அளந்தேன் என்பது. பெட்ரோல் வண்டி போல டீசலில் தீப்பொறி கிடையாது. உள்ளே வந்த காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அமுக்கி, அந்த அமுக்கத்தில் வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. என்ஜின் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரே குடித்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக், கிளோ பிளக் என்றும் சொல்வார்கள். சாவி போட்டதும் டேஷ்போர்டில் சுருள் மாதிரி ஒரு விளக்கு எரிந்து அணைகிறதே, அது இதற்கான விளக்கு. என் வண்டியில் அந்த விளக்கு ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணைந்தது, அதனால் ஹீட்டர் பிளக்கை யாரும் சந்தேகப்படவே இல்லை. ஆனால் பழைய வகை ரிலே (பிளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இருக்கிற வண்டிகளில் அந்த விளக்கு வெறும் கடிகாரம்தான். நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்கு எரிந்து அணையும். புது வண்டிகளில் ஒவ்வொரு பிளக்கையும் தனித்தனியாகக் கண்காணித்துப் பழுதுக் கோட் போடும் வசதி உண்டு, என்னுடையதில் இல்லை.

இரண்டாவது நாள் காலை. வெளியே 4 டிகிரி. ரிலேயிலிருந்து பிளக்குகளுக்குப் போகிற தடித்த ஒற்றை வயரில் தாடையை மாட்டி, ஜீரோ சரிபார்த்து, சாவியை இரண்டாவது நிலை வரை மட்டும் திருப்பச் சொன்னேன். 37 ஆம்பியரில் ஆரம்பித்து மளமளவென்று இறங்கி, ஒரு பத்து வினாடியில் 20-க்கு வந்து நின்றது. என் வண்டியில் இருக்கும் வகை பிளக், குளிரில் முதல் நொடியில் ஒன்றுக்கு 20 ஆம்பியருக்குப் பக்கமாக இழுக்கும், சிவக்கச் சிவக்கக் குறைந்து 10 பக்கம் நிற்கும். நாலு பிளக் என்றால் எழுபது சொச்சத்தில் ஆரம்பித்து 40 வாக்கில் நிற்க வேண்டும். வந்தது சரியாகப் பாதி. நாலில் இரண்டு பிளக் அவுட். சாவியைத் திருப்பி, கையில் தேநீர் கூட இல்லாமல், பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பத்து வினாடியில் தெரிந்துவிட்டது. இதற்கா நாசில் நாலையும் கழற்றச் சொன்னார்கள்!

உதறலுக்கும் இதுவே காரணம். பிளக் நல்லபடியாக இருந்த இரண்டு சிலிண்டர் முதலில் பற்றிக்கொள்ள, மற்ற இரண்டும் டீசலை எரிக்காமலே வெள்ளைப் புகையாக வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, அரை நிமிடத்தில் அவையும் சூடாகிச் சேர்ந்துகொண்டன. புகையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், காசு செலவில்லாத முதல் சோதனை அதுதான். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றத்தான் மாட்டேன் என்கிறது என்று அர்த்தம்: ஹீட்டர் பிளக், சுற்றும் வேகம், கம்ப்ரஷன் இந்தப் பக்கம் பாருங்கள். புகையே இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தால் டீசல் போகவே இல்லை: டீசல் குழாயில் ஏர், ஃபில்டர், பம்ப், ரெயில் (நாசில்களுக்கு டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கும் குழாய்) அழுத்தம் இந்தப் பக்கம். கருவி எதையும் கையில் எடுக்கும் முன் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த இரண்டு பிளக் என்று தெரிய, மேலே இருக்கும் இணைப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் என்ஜின் பாடிக்கும் இடையே ஓம் பார்த்தேன். இரண்டு பிளக் 1 ஓமுக்குச் சற்றுக் கீழே காட்டியது, நல்ல பிளக். மற்ற இரண்டில் எதுவுமே காட்டவில்லை, உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இங்கே மீட்டரின் ஒரு குறை: கூட வந்த புரோப் வயர் படு மட்டம். இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பிடித்தாலே 0.4 ஓம் காட்டுகிறது, அளக்க வேண்டியதே 1 ஓமுக்குள் இருக்கும்போது இது பெரிய தொல்லை. தொட்டுப் பார்த்து, வருகிறதைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதோடு, பாதி செத்த பிளக் ஓமில் நல்ல பிள்ளையாக நடிக்கலாம், கரண்டில் அந்த நடிப்பு எடுபடாது. ஓமை விட ஆம்பியரை நம்புங்கள்.

பழைய ஆட்கள் பிளக்கைக் கழற்றி பேட்டரியில் நேரடியாக வைத்துச் சிவக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய 11, 12 வோல்ட் பிளக்கில் அது நடக்கும். இப்போது வருகிற பல பிளக்குகள் 5 வோல்ட், 7 வோல்ட் வகை, கண்ட்ரோல் யூனிட் பார்த்துப் பார்த்து கரண்ட் கொடுக்கிறது. சில செராமிக். அவற்றில் 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் நல்ல பிளக்கும் அங்கேயே காலி. பிளக்கின் மேலே வோல்ட் அச்சடித்திருக்கும், படித்துவிட்டுத் தொடுங்கள். அந்த வகையில் கரண்ட் விட்டு விட்டுப் போவதால் என் மீட்டர் போன்ற மெதுவான மீட்டர் எண்ணைத் தாவித் தாவிக் காட்டும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக் கழற்றும் வேலையை நானே செய்யவில்லை. நீளமான ஒல்லி உடம்பு, முனையில் கரி பிடித்து என்ஜினின் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், பலமாகத் திருகினால் பாதி கையோடு வரும் மீதி உள்ளேயே நிற்கும், அப்புறம் அந்த மீதியை எடுக்க ஹெட்டையே இறக்க வேண்டிய நிலைமை கூட வரலாம். இதைச் செய்து பழகிய வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் முதல் நாள் சாயங்காலமே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டு, மறுநாள் என்ஜினைச் சூடாக்கி, கொஞ்சம் தளர்த்துவதும் திரும்ப இறுக்குவதுமாக நாலையும் உடையாமல் எடுத்தார். இரண்டுதான் போயிருந்தது என்றாலும் நாலையும் மாற்றச் சொன்னார், சரி என்றேன், வயது ஒன்றுதானே. புதுசு போடும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் இறுக்கினார். ரொம்பச் சின்ன இறுக்கம், மெல்லிய வகை பிளக்குக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே. பார்க்கவே நிறைவாக இருந்தது.

அடுத்த நாள் காலை மீட்டர் 72-ல் ஆரம்பித்து 38-ல் நின்றது. வண்டி அஞ்சு வினாடியில் பிடித்தது, உதறல் இல்லை, புகை கொஞ்சம்தான். இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்து மீட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து நல்ல குளிர், 1 டிகிரி. மறுபடியும் அடம். இந்தத் தடவை கவனித்துக் கேட்டேன், செல்ஃப் சுற்றுகிற சத்தமே சோம்பலாக இருந்தது, ஏதோ மாவாட்டுவது போல. டீசலுக்கு இது மோசம். மெதுவாகச் சுற்றினால் அமுக்கிய காற்று பிஸ்டன் ரிங் வழியாகக் கசியவும் சூடு சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும், பற்ற வேண்டிய சூடு சேராது. காமன் ரெயில் (எல்லா நாசிலுக்கும் ஒரே ரெயில்) வண்டியில் இன்னொரு சிக்கலும் சேரும்: ரெயிலில் ஏறக்குறைய 200 பார் அழுத்தமாவது ஏறாமல் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் நாசிலைத் திறக்காது, பம்ப் மெதுவாகச் சுற்றினால் அந்த அழுத்தம் ஏறவும் தாமதம்.

மெதுவாகச் சுற்றுவதற்குப் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார், கெட்டியான ஆயில் என்று நாலு காரணம் இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்த மீட்டரின் முழு அருமையும் இங்கேதான். பேட்டரி முனையில் வோல்ட்டையும் கேபிளில் ஆம்பியரையும் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். வோல்ட் 9.6-க்குக் கீழே சரிந்து, சுற்றலும் மெதுவாக இருந்தால் முதல் சந்தேகம் பேட்டரி மேல் (நல்ல குளிரில் இன்னும் கொஞ்சம் கீழே போவதை மன்னிக்கலாம்). கரண்ட் வழக்கத்தை விட எகிறிப் போய், சுற்றல் மெதுவாக இருந்தால் செல்ஃப் மோட்டார் உள்ளே உரசுகிறது, இல்லை என்றால் என்ஜின் இறுக்கமாக இருக்கிறது. கரண்டும் குறைவு, பேட்டரி வோல்ட் கம்பீரமாக நிற்கிறது, ஆனாலும் சுற்றல் மெதுவு என்றால், வழியில் எங்கேயோ தடை.

எனக்கு வந்தது இந்த மூன்றாவது. பேட்டரியில் 11.3 வோல்ட், கேபிளில் 140 ஆம்பியர். ஒர்க்ஷாப்பில் மாட்டிய புது பேட்டரி ஜம்மென்று இருக்கிறது, அதன் பலம் செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை. உடனே மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் மேலேயே (கிளாம்ப் மேல் இல்லை, அந்த ஈயக் குமிழ் மேல்) வைத்து, மறு முனையை என்ஜின் பிளாக்கில் துரு இல்லாத ஒரு போல்ட்டில் அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்கும் கீழே, கால் வோல்ட் வாக்கில் இருக்க வேண்டியது, 2.1 வோல்ட் காட்டியது. முனையை என்ஜினிலிருந்து எடுத்து வண்டியின் பாடியில் வைத்தேன், 0.1. ஆக பேட்டரியிலிருந்து பாடி வரை பழுதில்லை, பாடியிலிருந்து என்ஜினுக்குப் போகிற பாடி எர்த் பட்டையில்தான் 2 வோல்ட் காணாமல் போகிறது.

கியர்பாக்ஸ் பக்கம் கீழே படுத்துப் பார்த்தால், பின்னல் செம்புப் பட்டை மேலே பார்க்க நன்றாகவே இருந்தது. போல்ட்டைக் கழற்றிய பிறகுதான் வாஷருக்கு அடியில் இருந்த பச்சையும் வெள்ளையுமான பொடி தெரிந்தது, பட்டையின் நுனி விரலால் வளைத்தால் சுள்ளி மாதிரி ஒடிந்தது. புதுப் பட்டை, இரண்டு பக்கமும் உப்புத்தாள் வைத்துப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ். முக்கால் மணி நேர வேலை. மறுநாள் காலை 180 ஆம்பியர், எர்த் பக்கத்தில் 0.15 வோல்ட், செல்ஃப் சுற்றும் சத்தமே வேறு. ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஹீட்டர் பிளக் கரண்டும் 38-லிருந்து 41-க்கு ஏறியிருந்தது. பிளக்கும் என்ஜின் பாடி வழியாகத்தானே எர்த் ஆகிறது, அந்த ஒரே துருப்பிடித்த பட்டை இரண்டு பக்கமும் கொள்ளையடித்திருக்கிறது.

இனி மீட்டரின் குறைகள், வரிசையில்லாமல். திரை விளக்கு பதினைந்து வினாடியில் தானாக அணைகிறது, இருட்டில் பானட்டுக்குள் தலையை விட்டிருக்கும்போது இது எரிச்சலூட்டும். தாடை தடிமனாக இருப்பதால் நெருக்கமான இடத்தில் சில வயரைச் சுற்றிப் போகாது, வாங்கும் முன் உங்கள் வண்டியின் வயர் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃப் அடித்த முதல் நொடியில் பாய்கிற உச்சக் கரண்டை இது பிடிக்காது, வினாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண் மாறுகிறது. மேக்ஸ் பட்டன் இருக்கிறது, அதை நம்பாதீர்கள். சீராகச் சுற்றும்போது வரும் எண்ணுக்கு இது நம்பகமானது, அது போதும். ராத்திரியில் பேட்டரியைத் தின்கிற சின்னக் கசிவைப் பார்க்கவும் இது லாயக்கில்லை, 600 ஆம்பியர் அளக்கிற தாடையில் 30 மில்லி ஆம்பியர் எங்கே தெரியும், அதற்குச் சின்ன ரேஞ்ச் கிளாம்ப் தனியாக வேண்டும். ரப்பர் உறை தடித்த கையுறையோடு பிடிக்க நன்றாக இருக்கிறது, ஒரு தடவை கீழே விழுந்தும் உடையவில்லை.

கரண்டில் தெரியாத காரணங்களுக்கு இது ஒன்றும் செய்யாது. எரிபொருள் மெழுகாவது அதில் ஒன்று. டீசலில் இயல்பாகவே மெழுகு கரைந்திருக்கிறது, குளிர் கூடும்போது அது படிகமாகி முதலில் டீசலைக் கலங்கடிக்கும், அப்புறம் ஃபில்டரை அடைக்கும். இது எத்தனை டிகிரியில் நடக்கும் என்பது அந்த டீசலின் ரகத்தைப் பொறுத்தது, குளிர்கால டீசல் என்று தனியாக விற்பது அதற்காகத்தான். அடையாளம், வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகும், சில நிமிடத்தில் இழுவை குறைந்து நின்றுவிடும். மெழுகு தடுக்கும் திரவத்தை டீசல் கலங்குவதற்கு முன்னாலேயே ஊற்றினால்தான் பலன். ஃபில்டர் அடைத்த பிறகு ஊற்றினால் ஏற்கெனவே உண்டான மெழுகு கரையாது, வண்டியைக் கொஞ்சம் கதகதப்பான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதே வழி.

இன்னொன்று சென்சார். என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பத்தைப் பார்க்கிற கூலன்ட் சென்சார் பொய் சொல்லி, என்ஜின் சூடாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிவிட்டால் ஹீட்டர் பிளக்குக்குக் கரண்டே போகாது. மீட்டரில் 0 வரும், ஆனால் பிளக்கும் ரிலேயும் ஃபியூஸும் நல்லபடியாக இருக்கும். இதற்கு வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஒரு சாதாரண ஸ்கேனர் போதும். ராத்திரி முழுவதும் நின்ற வண்டியில் சாவியை மட்டும் போட்டு, கூலன்ட் வெப்பம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், இருந்தால் டீசல் வெப்பம் எல்லாவற்றையும் பாருங்கள். எல்லாம் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 40 என்று தனியாக நின்றால் ஆள் அகப்பட்டான்.

ஆயில் பற்றிக் கேட்பவர்களுக்கு: குளிரில் கெட்டியாகிற 15டபிள்யூ-40 ரக ஆயிலை ஊற்றிக்கொண்டு உறைபனியில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று புலம்பினால் பாதித் தப்பு ஆயில் மேல். கையேடு குளிரில் அதைவிட இளக்கமாக ஓடும் 5டபிள்யூ ஆயிலை அனுமதித்தால் குளிர்காலத்துக்கு அதைப் போடுங்கள், சுற்றல் வேகத்தில் வித்தியாசம் காதிலேயே கேட்கும்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் காற்றுக் குழாயில் அடிக்கிற ஈதர் ஸ்ப்ரேயை ஹீட்டர் பிளக் இருக்கிற என்ஜினில் தயவுசெய்து அடிக்காதீர்கள். சிவந்த பிளக்கில் பட்டால் நேரம் காலம் பார்க்காமல் வெடிக்கும், பிஸ்டனும் ரிங்கும் போகும்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலு. அரை மார்க்கை அந்த புரோப் வயருக்காகவும் அரை மார்க்கைத் திரை விளக்குக்காகவும் பிடித்தேன். நல்ல சிலிக்கான் வயர் தனியாக வாங்கி மாட்டிய பிறகு ஓம் கணக்கு ஒழுங்காக வருகிறது.

போன மாதம் எதிர்வீட்டு அண்ணன் வந்து நின்றார். "தம்பி, என் பிக்கப்பும் உன் வண்டி மாதிரியே பண்ணுது, அந்தக் கொக்கி மீட்டரைக் கொண்டு வா" என்றார். கொண்டு போனேன். ஹீட்டர் பிளக் 40 ஆம்பியர், நாலும் உயிரோடு. செல்ஃப் அடித்தால் வோல்ட், ஆம்பியர், சத்தம் எல்லாமே நல்லபடி. மீட்டரில் ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன், துளிகூடப் புகை இல்லை. வண்டி எப்போதும் வீட்டுச் சரிவில் மூக்கை மேலே தூக்கியபடி நிற்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. ஃபில்டர் மேல் இருக்கும் கை பம்பை அமுக்கினேன், முதலில் காற்று மாதிரி லொடலொடவென்று இறங்கியது, முப்பது தடவை அமுக்கிய பிறகு கல் மாதிரி இறுகியது. "இப்ப அடிங்கண்ணே" என்றேன், முதல் அடியிலேயே பிடித்தது. ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கிவிடுகிறது, வழியில் எங்கேயோ காற்று வாங்குகிறது. ஒளி ஊடுருவும் ஒரு சின்னத் துண்டு டியூபை ஃபில்டருக்குப் பக்கத்தில் இடையில் மாட்டிப் பார்த்ததில் குமிழ் குமிழாக ஓடியது. ஃபில்டர் மாற்றியபோது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் பழையதையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், அது தட்டையாகி விரிசல் விட்டிருந்தது. புது ஓ-ரிங் போட்டதும் தீர்ந்தது.

அவரோ மீட்டர் மாட்டியதால்தான் வண்டி சரியாயிற்று என்று தெரு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மீட்டரும் அவர் பிக்கப்பின் டேஷ்போர்டு பெட்டியிலேயே இருக்கிறது. அடுத்த குளிர் வருவதற்குள் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.